மடத்துக் கோயிலில் பதினொரு சிலுவை

அத்தியாயம் 6

"இந்தக் கோயிலுக்குள்ள கள்ளன் வந்தானெண்டா அவன் ஒண்டில் சம்மனசு, இல்லாட்டிப் பல்லி," என்றான் ஜொனாதன். "ரெண்டுக்கும் விலங்கு மாட்டேலாது. சார்ஜன்ட், வாங்க, ஒரு பிளேன்ரி குடிச்சிட்டு வீட்ட போவம்."

சார்ஜன்ட் பண்டார சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் பதினாறு வருடம் குப்பை கொட்டிய மனிதருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். ஜொனாதனுடைய பகிடிதான் விளங்குவதில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றரை.

"நீ பேசாம எண்ணு," என்றார் ஷஹீமா.

"என்னத்தை மிஸ்?"

"சுவரை. சுவருல என்னெல்லாம் இரிக்கோ எல்லாத்தையும்."

இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் தாழ்ந்த படகுகளையும் மோந்து பார்த்தவர் ஷஹீமா. இப்போது வெள்ளவத்தையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். ஆள் தெஹிவளை, கோயில் குளம் என்று ஒன்றும் தெரியாது. அந்தக் குறைக்குத்தான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, பத்து வயதிலிருந்து பூசைக்கு உதவி செய்த ஜொனாதனை உதவியாளனாக வைத்திருந்தார். அவன் வாய் மட்டும் சம்பளத்துக்கு மேலதிகம்.

விஷயம் இதுதான். இந்த மடத்துக் கோயிலின் கதிர்ப்பாத்திரம், நற்கருணையை வைத்து ஆசீர் கொடுக்கிற அந்த வெள்ளிப் பாத்திரம், காணாமல் போய் ஒன்பது நாள். பீடத்துக்கு வலப்பக்கம் சுவரோடு சேர்த்து அடித்த பெட்டகத்துக்குள் இருந்தது. பூட்டு உடையவில்லை. திறப்பு ஒன்றே ஒன்று, அதுவும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ரெனால்டின் இடுப்பில். வாசல் கமராவில், பாத்திரத்தைக் கடைசியாகக் கண்டதிலிருந்து காணவில்லை என்று தெரிந்தது வரையான இரண்டு நாளும் ரெனால்டைத் தவிர ஒரு குருவி கூட உள்ளே போகவில்லை. பிறகென்ன, பொலிஸார் மூளையைக் கசக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில், இழுப்பு வருத்தத்தோடு, மனுஷன் விளக்கமறியலில் கிடக்கிறார். நாளைக் காலை மறுபடி நீதவான் முன்னால் நிறுத்துவார்கள்.

"வேற வழி ஒண்டு இருக்கெண்டு காட்டினாப் போதும், நாளைக்கே அப்பாவை எடுக்கலாமெண்டு லோயர் சொன்னவர்," என்றாள் லவினா. ரெனால்டின் ஒரே மகள். கலியாணம் முடித்து வெள்ளவத்தையில் இருப்பவள், கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. ஒன்பது நாளில் ஆள் பாதியாகிவிட்டாள். "நேற்றுப் பார்க்கப் போனன். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குறார் மிஸ். நான் எடுக்கேல்ல எண்டு கூடச் சொல்றாரில்ல. பேசாம இருக்கிறார்."

அந்த மௌனம்தான் ஷஹீமாவுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. செய்யாதவன் கத்துவான். செய்தவன் இன்னும் கூடக் கத்துவான். இந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

சார்ஜன்டைக் கூட்டிக்கொண்டு வந்தது ஜொனாதனின் மூளை. "நாங்க மட்டும் பார்த்தா அது கதை மிஸ். பொலிஸ் கண்ணால கண்டா அது சாட்சி," என்று வசனம் பேசி, மூன்று நாளாய் ஸ்டேஷன் வாசலில் தவம் கிடந்து ஆளை இழுத்து வந்திருந்தான். அந்தப் பெருமை இன்னும் அவன் முகத்தை விட்டு இறங்கவில்லை.

கோயில் நல்ல கோயில்தான், பாவம், கிழடு தட்டிவிட்டது. பிரான்சிலிருந்து வந்த ஆராதனைச் சிஸ்டர்மார் 1898இல் கட்டியது. இரண்டு முழக் கனத்தில் செந்நிறக் கபுக்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. மேலே கூர்மையாக முடிகிற நீள ஜன்னல்கள். கப்பலில் வந்து இறங்கிய இரும்புத் தூண்கள். பர்மாத் தேக்குக் கூரை ஒரு பக்கம் தொய்ந்து, நீலத் தறப்பாளை வயிற்றில் கட்டிக்கொண்டு தொங்கியது. சிஸ்டர்மார் எழுபதுகளில் நாட்டை விட்டுப் போனார்கள், மடம் இடிபட்டது, கோயில் மட்டும் மிஞ்சியது. இப்போது அதற்கும் காலம் வந்துவிட்டது. கூரை ஆபத்து என்று சொல்லி அடுத்த மாதம் பூட்டப் போகிறார்கள். சாமான்கள் எல்லாம் நுகேகொடைப் புதுக் கோயிலுக்கு. போகிற சாமானில் ஒன்றை ரெனால்ட் அமுக்கிவிட்டார் என்பதுதான் பொலிஸ் கதை.

"பதினாலு சிலுவைப்பாதைப் படம்," என்று எண்ணிக்கொண்டு வந்தான் ஜொனாதன். "எட்டு ஜன்னல். மூண்டு காத்தாடி, அதில ரெண்டு செத்துப்போச்சு. ஒரு பல்லி, உயிரோட."

"அந்தச் சிவப்புச் சிலுவை?"

சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, வட்டத்துக்குள் கீறிய சிறு சிலுவைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மெழுகுதிரி குத்துகிற பித்தளைக் கை.

"அது அபிஷேகச் சிலுவை மிஸ். கோயிலை அபிஷேகம் பண்ணேக்க ஆண்டவர், அதாவது எங்கட பிஷப், சுவரில பன்னிரண்டு இடத்தில எண்ணெய் பூசுவார். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் ஒவ்வொண்டு. பூசின இடத்தில சிலுவை கீறுறது."

"பன்னிரண்டா?"

"கூடவும் ஏலாது, குறையவும் ஏலாது."

"நான் மூணு தரம் எண்ணிட்டன். பதினொண்டுதான் இரிக்கு."

ஜொனாதன் சிரித்தான். "யூதாசைக் கழிச்சிட்டாங்களாக்கும்."

சொல்லிவிட்டுத் தானும் எண்ணினான். இடச் சுவரில் நான்கு. வலச் சுவரில் நான்கு. வாசல் பக்கம் இரண்டு. பீடத்துக்கு இடப்பக்கம் ஒன்று. பீடத்துக்கு வலப்பக்கம்... அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கம் சிலுவை இருக்கவேண்டிய இடத்தில் அந்தப் பெட்டகம் நின்றது.

"மிஸ், சிலுவைக்கு மேல ஒருத்தனும் பெட்டகம் அடிக்கமாட்டான். அபிஷேகம் பண்ணின இடம். மறைக்கப்படாது."

"அப்ப ஏன் மறைச்சாங்க?" என்றார் ஷஹீமா. "சிலுவையை மறைக்க அடிக்கல்ல. பக்கத்துல வேற எதையோ மறைக்க அடிச்சிரிக்காங்க. சிலுவையும் சேந்து மாட்டிக்கிட்டுது. யோசி. சிஸ்டர்மார் காலத்துல அங்க என்ன இரிந்தது?"

ஜொனாதன் தலையைச் சொறிந்தான். ஆராதனைச் சிஸ்டர்மார் அடைபட்ட சிஸ்டர்மார். ஒருமுறை மடத்துக்குள் போனால் வெளி ஆள் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. கோயிலில் சனம் ஒரு பக்கம், அவர்கள் பீடத்துக்கு மறுபக்கம், நடுவில் கம்பி அடைப்பு. குருவானவர் நன்மை, அதாவது நற்கருணை, கொடுப்பதும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான். நாக்கு மட்டும் தெரியும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

"நன்மை ஜன்னல்!" என்று கத்தினான். கூரையில் இரண்டு புறா எழும்பிப் பறந்தது. "மிஸ், பெட்டகம் நிக்கிற இடத்தில நன்மை ஜன்னல் இருந்திருக்கு!"

"அப்படியெண்டா அதுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர்மார் இரிந்த இடம்."

"அது மடத்தோட இடிச்சாச்செண்டுதான் எல்லாரும் சொல்றது."

"எல்லாரும் சொல்றதைக் கேக்கவா வந்த? போய் வெளியால நடந்து அளந்துட்டு வா."

ஜொனாதன் உள்ளே நடந்தான், நாற்பத்தொரு எட்டு. வெளியே போய் ஓட்டுக் கூரையின் கரையோடு நடந்தான், ஐம்பத்தெட்டு. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "ஒண்டில் என்ர கால் குட்டையாப் போச்சு, இல்லாட்டி இந்தக் கோயில் பதினேழு எட்டு பொய் சொல்லுது," என்றான்.

இப்போதுதான் சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். சான்றுப் பொருளாகப் பொலிஸ் வைத்திருந்த திறப்பைத் தானே எடுத்துப் பெட்டகத்தைத் திறந்தார்.

உள்ளே மூன்று தட்டு, வெறுமை. பக்கச் சுவரில் சுண்ணாம்புக்கு மேல் பாதி அழிந்த சிவப்பு வட்டம் தெரிந்தது. பன்னிரண்டாவது சிலுவை. பின்புறம் கல் இல்லை, பலகை. ஷஹீமா இரண்டு விரலால் தள்ளினார். பலகை சத்தமே இல்லாமல் ஒரு பக்கம் விலகியது. அதற்கு அப்பால் சதுரமாக ஒரு கம்பி ஜன்னல், நடுவில் ஒரு சின்னக் கதவு. அதுவும் திறந்தபடி. ஒரு பாத்திரம் தாராளமாகப் போகும். ஒரு ஆள் போகமுடியாது.

"முன்னுக்குப் பூட்டு, பின்னுக்குக் கதவு," என்றார் ஷஹீமா. "எடுத்தவங்களுக்குத் திறப்பு தேவைப்படல்ல சார்ஜன்ட். இந்தப் பக்கம் காலே வைக்கல்ல. கமரா என்னத்தைப் பிடிக்கும்?"

லவினா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு ஷஹீமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா எடுக்கேல்ல! நான் சொன்னன்தானே மிஸ், அப்பா எடுக்கேல்ல!" ஜொனாதனுடைய கையையும் பிடித்துக் குலுக்கினாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு நாள் அவனுக்கு வாய்த்ததில்லை.

அவன் கையைக் கம்பிக்குள் விட்டு ஃபோன் வெளிச்சத்தைக் காட்டினான். சுவரோடு சுவராக இரண்டு வரிசை மர ஆசனங்கள். சிவப்புத் தரை. ஒரு தூசி இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து தேங்காயெண்ணெய் விளக்கின் மணமும் புது மல்லிகைப் பூ மணமும் வந்தன.

"கள்ளன் பூ வைக்கிறானா?" என்றார் சார்ஜன்ட் சிங்களம் கலந்த தமிழில். கொப்பியில் எழுதினார். "ஹரி, மிஸ். வேற வழி இருக்கு, நான் ஒத்துக்கொள்றன். இப்ப அந்த வழிக்கு வாசல் எங்க?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று ஜொனாதன் பிறகு எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டான்.

கோயிலின் பின்பக்கத்தை ஒட்டி நிற்பது பலீல் ஹாஜியாரின் ஓடு, பேசின், கொமட் விற்கிற கடை. மடத்துத் தோட்டத்தை எழுபத்தாறில் அவருடைய தகப்பன் வாங்கிக் கட்டிய குடோன். லவினா முன்னால் நடந்தாள், நடந்தாள் என்ன, ஓடினாள். வாசல் அங்கேதான் இருக்கவேண்டும், வேறெங்கே இருக்கும்?

"வாங்க, வாங்க, இரிங்க," என்றார் பலீல் ஹாஜியார். விஷயத்தைக் கேட்டதும் மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மகள், உங்கட வாப்பா ரெனால்டும் நானும் நாப்பது வருஷப் பழக்கம். நோம்புக்குக் கஞ்சி என்ட வீட்டால அவருக்கு, நத்தாருக்குக் கேக் அவர்ட வீட்டால எனக்கு. நான் கோயில் சாமானை எடுப்பனா?"

"அப்படிச் சொல்லல்ல நானா," என்றார் ஷஹீமா. "உங்கட குடோனுக்குள்ளால வழி ஏதும் இரிக்கா எண்டுதான் கேக்குறோம். ஒங்களுக்குத் தெரியாமலும் யாரும் போயிரிக்கலாமே."

"வந்து பாத்துக்கோங்க. ஒளிக்க என்ன ஈக்கிது?"

கொமட்டுகளுக்கு நடுவே வரிசையில் போனார்கள். "இவ்வளவு சிம்மாசனம் இருக்கு, உக்கார ஒரு ராசா இல்ல," என்றான் ஜொனாதன். கடைசியில் சுவர். கருங்கல்லும் சீமெந்தும், ஒரு வெடிப்புக்கூட இல்லை. சார்ஜன்ட் தட்டிப் பார்த்தார். லவினாவும் தட்டினாள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், கை சிவக்கச் சிவக்க.

"இது வாப்பா கட்டின சுவர்," என்றார் பலீல். "அதுக்கு அங்கால ஈக்கிறது கோயில்ட இடம். கோயில்காரங்க என்ட குடோன் எண்டு நெனச்சிக்கிட்டு ஈக்கிறாங்களா? நல்ல கதை!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பக்கம் எந்தக் காலத்துலயும் வாசல் இல்ல மகள். சிஸ்டர்மார்ட வாசல் அந்தப் பக்கம். சின்ன வயசுல நான் கண்டீக்கிறன். ஒரு சிஸ்டர் மவுத்தானா அந்தச் சின்னக் கதவால தான் பெட்டியை எடுப்பாங்க. இப்ப..."

கையை நீட்டினவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். லவினாவின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

கை காட்டிய திசையில் ஒரேயொரு வீடுதான் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்பவருக்குக் கோயில் கொடுத்த வீடு. ரெனால்டின் வீடு.

ஜொனாதனுக்கு ஐயோ என்றிருந்தது. வாசல் இருக்கிறது என்று நிரூபித்ததே நாங்கள்தான். இப்போது அந்த வாசல் போய் நிற்கிற இடத்தைப் பார்.

"அங்க கதவொண்டுமில்ல," என்றாள் லவினா. "நான் பிறந்து வளந்த வீடு. கதவிருந்தா எனக்குத் தெரியாதா?"

ஷஹீமா சார்ஜன்டின் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு இவ்வளவும் போதும் சார்ஜன்ட். நாளைக்குக் கோர்ட் முடியட்டும். பிறகு ஆறுதலாப் பார்க்கலாம்."

"இல்ல மிஸ்." சார்ஜன்டின் குரலில் கோபம் இல்லை. "நீங்கதானே கூப்பிட்டது? நான் கேட்டுட்டன். கேட்டதை எப்படி நான் கேக்கல்ல எண்டு எழுதுறது?" கொப்பியை மூடிப் பொக்கற்றில் வைத்தார். "மம மொனவ கரன்னத?" என்று தனக்குத்தானே சொன்னார். அவரும்தான் என்ன செய்வார்.

செலீன் வாசலில் நின்றிருந்தார். ரெனால்டின் மனைவி, அறுபது தாண்டிய சின்ன உருவம். குடோன் பக்கத்திலிருந்து நாலு பேர் வருவதைக் கண்டபோது அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "உள்ள வாங்கோ. சப்பாத்தோட வாங்கோ, பரவாயில்ல," என்றார்.

ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, பின்னால் குசினி. படுக்கையறைக் கோயில் பக்கச் சுவரில் பழைய தேக்கு உடுப்பு அலுமாரி நின்றது. லவினா அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இது எப்பவும் இங்கதான் நிக்கிது," என்றாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கயும் இங்கதான். அம்மா, சொல்லுங்கோ."

செலீன் போய் அறை விளக்கைப் போட்டார்.

"தம்பி, கொஞ்சம் பிடிங்க," என்றார் சார்ஜன்ட் ஜொனாதனிடம்.

அவன் ஷஹீமாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் சார்ஜன்ட் தனியாகத் தள்ளுவார், அவ்வளவுதான். போய் ஒரு முனையைப் பிடித்தான். இரண்டு ஆள் பலம் வேண்டும் என்று நினைத்து மூச்சைப் பிடித்தால், அலுமாரி ஒரு கைத் தள்ளலுக்கு வழுக்கிக்கொண்டு போனது. நாலு காலுக்கும் கீழே பழைய கம்பளித் துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தினமும் தள்ளி, தினமும் திரும்ப வைக்கிற அலுமாரி.

பின்னால் ஒரு கட்டைக் கதவு. தலையைக் குனிந்துதான் போகவேண்டும்.

உள்ளே நல்ல குளிர். கபுக்கல் சுவர்கள் வீதியின் இரைச்சலை மறித்து நின்றன. ஒரு காலத்தில் முப்பது பேர் இரவும் பகலும் மாறி மாறி முழங்காலில் நின்ற இடம். கொரிடோர் போல நீளமாக ஓடி, கோயில் பக்கத்துக் கம்பி ஜன்னலில் முடிந்தது. அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், கோயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாத மூலையில், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. மேசை மேல் ஒரு சிட்டி விளக்கு, ஒரு கோப்பையில் மல்லிகைப் பூ, நடுவில் கதிர்ப்பாத்திரம். வெள்ளிக் கதிர்கள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. யாரோ நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"அம்மா," என்றாள் லவினா.

"நான்தான் எடுத்தனான்," என்றார் செலீன். "அவருக்குத் தெரியா. களவு போச்செண்டு சத்தம் போட்டதே அவர்தான். ஃபாதருக்குச் சொல்லி, பொலிஸுக்குச் சொல்லி, எல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் வீட்ட வந்து என்ர முகத்தைப் பார்த்தார். பார்த்த உடன விளங்கிட்டுது அவருக்கு."

"ஏன் அன்ட்டி?" என்றான் ஜொனாதன். அவன் அப்படி அமைதியாக ஒரு கேள்வி கேட்டதை ஷஹீமா அன்றுதான் கண்டார்.

"இவளுக்கு நாலு வயசில மூளைக்காய்ச்சல். டொக்டர் கையை விரிச்சிட்டார். நான் ஆஸ்பத்திரியால ஓடி வந்து இந்த இடத்தில விழுந்தன். கோயில் பூட்டிக் கிடந்தது, இதால தான் வந்தன். பலகையை விலத்தினா முன்னுக்குக் கதிர்ப்பாத்திரம். பிள்ளையைத் தா, அவள் உயிரோட இருக்கிற வரைக்கும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் இதுக்கு முன்னால முழங்காலில நிக்கிறனெண்டு நேர்த்தி வச்சன். விடியக் காய்ச்சல் விட்டுது. முப்பத்தொரு வருஷம். ஒரு நாள் பிசகேல்ல. இவள் பள்ளிக்கூடம் போனாப் பிறகு வருவன்."

"அதுக்கு?" என்றார் சார்ஜன்ட்.

"அதை நுகேகொடைக்குக் கொண்டு போகினமாம். நாளாந்தம் நான் எப்படி நுகேகொடைக்குப் போறது? அங்க அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவினம். என்னை ஆர் விடுறது?" குரல் உடையவில்லை, ஒரு கணக்கு ஒப்புவிப்பது போல் சொன்னார். "ஒரு நாள் தவறினாலும் நேர்த்தி முறிஞ்சிடும்தானே? பிறகு என்ர பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

"அன்ட்டி, அது இப்ப வெறும் பாத்திரம். நற்கருணை பேழைக்குள்ள. எந்தக் கோயிலில முழங்காலில நிண்டாலும்..."

"எனக்குத் தெரியாதே தம்பி அது? வெறுமைதான். ஆனா நேர்த்தி வச்சது இதுக்கு முன்னால."

கடவுளோடு இந்த மனுஷி செய்த ஒப்பந்தத்தில் ஜொனாதனுக்கு என்ன வேலை?

"அப்பாக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்ல?" லவினா தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க ஏன் சொல்லேல்ல? ஒன்பது நாள் அம்மா! மூச்சு விடேலாம அந்த மனுஷன் அங்க!"

"நான் சொல்லப் போனனான். அவர்தான் விடேல்ல. 'நீ உள்ள போனா நேர்த்தி நிண்டிடும். நான் போனா நிக்காது. பிள்ளைக்கு ஒண்டும் வரப்படாது, நீ பேசாம இரு' எண்டவர்."

லவினா தாயின் தோளிலிருந்து கையை எடுத்தாள். அப்படியே ஒரு மர ஆசனத்தில் இருந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதுப் பெண், தகப்பனை வெளியே எடுக்க வெள்ளவத்தையிலிருந்து துப்பறியும் ஆளைத் தேடிப் பிடித்தவள், இதையெல்லாம் தன் ஒருத்திக்காகத்தான் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு எங்கே போய் முகத்தை வைப்பாள்?

"அப்பாவை எடுத்துத் தாங்க எண்டுதானே கேட்டன் மிஸ்," என்றாள் ஷஹீமாவிடம். "அம்மாவைப் பிடிச்சுக் குடுங்க எண்டு கேக்கேல்லயே."

முதலில் தனியாக வந்து பார்த்திருக்கவேண்டும், பொலிஸைக் கூட்டி வரும் யோசனைக்குத் தலையாட்டியிருக்கக்கூடாது; இருபத்திரண்டு வருட அனுபவம் இதற்குத்தானா என்று ஷஹீமா தன்னையே திட்டிக்கொண்டிருப்பது ஜொனாதனுக்குத் தெரிந்தது. யோசனை அவனுடையது. பன்னிரண்டு சிலுவைக் கதையும் அவனுடையது. தன் நாக்கை அறுத்து எறியவேண்டும் போல இருந்தது அவனுக்கு.

சார்ஜன்ட் வெளியே போய் ஸ்டேஷனுக்குக் கதைத்தார். பெண் பொலிஸ் ஒருவரோடு ஜீப் வந்தது. கதிர்ப்பாத்திரமும் வழக்குப் பொருள்தான். அதை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவரே ஜீப்பில் கொண்டுபோய் வைத்தார். புத்தர் சிலையைத் தூக்குகிற பக்குவத்தோடுதான் தூக்கினார், அதையும் சொல்லவேண்டும்.

"நான் நிக்கிறன் அம்மா," என்று ஓடி வந்தாள் லவினா. "அந்த ஒரு மணித்தியாலத்தை நான் நிக்கிறன். எங்க வேணுமெண்டாலும் நிக்கிறன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"நேர்த்தி வச்சவள் நான் பிள்ளை. நீ செய்தாச் செல்லாது."

செலீன் ஷஹீமாவிடம் வந்தார். "நாளைக்கு அவரை விட்டிடுவாங்களா மிஸ்?"

"விட்டிடுவாங்க."

"மெய்யாவா?" முகம் மலர்ந்துவிட்டது மனுஷிக்கு. ஷஹீமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரிய உபகாரம் மிஸ். அவரை அங்க அப்படிப் பார்க்க என்னால ஏலாமக் கிடந்தது. எனக்குச் சொல்லவும் வழியில்ல, விடவும் வழியில்ல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

ஷஹீமா தலையை மட்டும் ஆட்டினார். பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை.

செலீன் ஜீப்பில் ஏறினார். பெண் பொலிஸ் கதவைச் சாத்தப் போனபோது, கொஞ்சம் பொறுங்கோ என்று சைகை காட்டி வெளியே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது. மகளைக் கூப்பிட்டார். லவினா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளையில இருந்து நீ கவனமா இரு பிள்ளை," என்றார் செலீன். "ரோட்டை ரெண்டு பக்கமும் பார்த்துக் கட. மழையில நனையாத. காய்ச்சல் கீய்ச்சல் வந்தா நாளைக்கெண்டு வைக்காம உடன மருந்தெடு. கேட்டதே?"

"ஓம் அம்மா."

"என்னால இனி ஒண்டும் செய்யேலாது."

ஜீப் புறப்பட்டது. லவினா ஒழுங்கையின் நடுவில் நின்றாள். பின்னால் வந்த த்ரீவீலர்காரன் ஹோர்ன் அடித்தான், திரும்பவும் அடித்தான். ஜொனாதன்தான் போய் அவளைக் கையில் பிடித்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.